பாஸ்போர்ட்டா பாடம் நடத்தும்?

தென்கொரியப் பள்ளிகளுக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை மட்டுமே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளின் உச்சரிப்பு கெட்டுவிடும் என்று வாதாடுகிறார் நண்பர். கிளாஸ்கோக்காரர், டெக்சஸ்காரர், ஜோகன்னஸ்பர்க்காரர் மூவரில் யாருடைய உச்சரிப்பாம்? அதை மட்டும் சொல்லவில்லை.

அங்கே பார்ப்பது நாக்கை அல்ல, குடியுரிமையை. அங்கே ஆங்கிலம் கற்பிக்கத் தேவையான இ-2 விசா பொதுவாக ஆங்கிலம் பேசும் 7 நாட்டவருக்குத்தான். பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்க 1995-இல் தொடங்கிய எபிக் திட்டத்தில், பி.எட். இல்லாதவர் 100 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழைக் காட்டினால் போதும். கடல் உயிரியல் படித்த டொராண்டோ இளைஞர் தாராளமாகப் போகலாம். இந்தியருக்கோ, 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம் கதவைக் கொஞ்சம் திறந்தது. ஆனால் ஆங்கிலத்திலேயே பட்டம் வேண்டும், ஆசிரியர் உரிமமும் வேண்டும். பாடம் சொல்லித்தரப் படித்தவர்தான் கூடுதலாக நிரூபிக்க வேண்டுமாம். நல்ல கூத்து!

இவ்வளவுக்கும், அந்தப் பிள்ளைகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் சுனுங் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள். 17 கேட்டு விடையளிப்பது, மீதி வாசித்து விடையளிப்பது. வாயைத் திறந்து பேசச் சொல்லும் கேள்வி ஒன்றுகூட இல்லை.