எது இஸ்ராஃப்?

ஆடைத் தொழிலில் விரயத்தை ஒழிக்கப் புதிய இயந்திரங்கள் வந்துவிட்டன. இனி அங்கே இஸ்ராஃப் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நம் வணிகப் பெருமக்கள் சிலர் கூறத் தொடங்கியிருக்கிறார்கள். இயந்திரத்தின் திறமையை நாம் மறுக்கவில்லை. அவர்கள் கண்ட முடிவையே மறுக்கிறோம்.

துணியை அடுக்கி வெட்டும்போது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு துண்டுகளாகக் கழிகிறது என்பது பரவலான கணிப்பு. வெட்ட வேண்டிய வடிவங்களைக் கணிப்பொறி நெருக்கி அமைத்துத் தருவதால் அக்கழிவு குறைகிறது. ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995-இல் வெளியிட்ட பின்னல் இயந்திரமோ, வெட்டும் தையலும் இன்றி முழு ஆடையையே பின்னித் தருகிறது. வியக்கத்தக்கதுதான். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துண்டு எப்போது கேட்பாரற்றுக் கிடந்தது? அதை நிறம் பிரித்து விலைக்கு வாங்குவோர் உளர். இயந்திரம் துடைக்கக் கொண்டு போவோர் உளர். பஞ்சாக்கி மீண்டும் நூல் நூற்கும் ஆலைகளும் உள்ளன. கத்தரிக்கோலின் கீழ் விழுந்தது எளியவர்க்குப் பிழைப்பாயிற்று. வீணாவது தைத்து முடித்த முழுச் சட்டை!

தென் அமெரிக்காவில் சிலி நாட்டு இக்கீக்கே துறைமுகத்துக்குப் பல நாடுகளின் பழைய ஆடைகளும் விற்காத புத்தாடைகளும் கப்பலேறி வருகின்றன. அங்கும் விலைபோகாதவை அட்டகாமா பாலைவனத்தில் கொட்டப்பட்டுக் குன்றுகளாயின. பிரிட்டனின் பர்பரி நிறுவனம் ஓராண்டில் 2.8 கோடி பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள சரக்கை அழித்ததாக 2018-இல் தன் ஆண்டறிக்கையிலேயே எழுதியது. மலிவாக விற்றால் பெயர் கெட்டுவிடுமாம்! துண்டுத் துணியை மிச்சப்படுத்தும் கணிப்பொறி இந்நோய்க்கு என்ன மருந்து வைத்திருக்கிறது? மிச்சம் பிடித்த துணியில் இன்னும் நூறு சட்டை தைக்கவே அது உதவும்.

இயந்திரம் தானாக வந்து நன்மை செய்வதில்லை என்பதற்கு நொய்யல் ஆறே சாட்சி. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு வந்து தேங்கிற்று. நீர் கேட்க வேண்டிய உழவர்களே அந்நீரை எதிர்த்து வழக்காடினார்கள். கழிவு நீரைச் சவ்வுகளின் வழியே வடித்து மீண்டும் சாயத் தொட்டிக்கே திருப்பும் முறை அப்போதே அறியப்பட்டிருந்தது. செலவு மிகுதி என்று தட்டிக் கழித்தவர்கள் பலர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகுதான் அது உறுதியாக வேரூன்றிற்று. வடித்தபின் எஞ்சும் கலப்பு உப்பை எங்கே சேர்ப்பது என்பது வேறு தலைவலி.

பிறரைச் சொல்வானேன்? ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிமொழியை நாம் மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்தி வந்திருக்கிறோம். நொய்யலைப் பற்றி ஒரு ஜும்ஆவிலும் வாய் திறந்ததில்லை. இஸ்ராஃப் என்பது அளவு கடத்தல். தப்தீர் என்பது விதையைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. கண்டபடி இறைப்பதைச் சுட்டும். நிக்காஹ் விருந்தில் மிஞ்சிய சோற்றைக் கண்டால் இவ்விரு சொற்களையும் மிம்பரில் முழங்குகிறோம். விற்காது என்று அறிந்தும் தைத்துக் குவிப்பவரிடமும், ஒரு பெருநாளுக்கு மூன்று உடை எடுப்பவரிடமும் அவற்றைச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிக்கலாகாது என்று 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. அவர்கள் நம் கிதாபுகளை ஓதியவர்கள் அல்லர். ஓதிய நாம் மௌனமாக இருப்பது, பள்ளிவாசலுக்கு வரும் நன்கொடையை எண்ணித்தானா?