குழியை மூடுமுன் மண்ணைச் சோதி!

தோழர்களே!

நம் தெருமுனைப் பெட்ரோல் பங்கில் பழைய டேங்குகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். குழி இன்னும் திறந்து கிடக்கிறது. புது டேங்கை இறக்கி, மணலைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் பிறகு அந்த மண்ணை யாரும் பார்க்க முடியாது. நாளைக் காலை 7 மணிக்கு எல்லோரும் பங்க் வாசலுக்கு வந்துவிடுங்கள்.

குழியின் பக்கச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே செம்மண், ஆள் உயரத்துக்குக் கீழே சாம்பலும் கறுப்புமாக ஒரு பட்டை. தெருவரைக்கும் டீசல் வாடை அடிக்கிறது. அந்த மண்ணைத்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எந்த ஏரிக்கரையில், யார் மனையில் கொட்டுகிறார்கள்?

இரும்பு டேங்க் துருப்பிடிக்கும், குழாய் இணைப்பு தளரும், சொட்டுச் சொட்டாகக் கசியும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. நிலத்தடி நீரை எட்டியதும் அதன்மேல் மிதந்து பரவும். அதிலுள்ள பென்சீன் நீரில் கரையும். ரத்தப் புற்றுநோயைத் தரும் நஞ்சு அது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் தெருவில் போர்வெல் இல்லாத வீடு எது?

தண்டையார்பேட்டையை மறந்துவிடாதீர்கள். 2013இல் அங்கே போர்வெல்லில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாயின் கசிவு அது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மண்ணையும் நீரையும் சுத்தம் செய்யும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி நேரில் வர வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தார் மாதிரி எடுக்க வேண்டும், முடிவு வரும்வரை குழியை மூடக் கூடாது, ஒரு லோடு மண்ணும் வெளியே போகக் கூடாது. இவைதான் நம் கோரிக்கைகள். மாதிரி எடுக்கும்போது கண்கொத்திப் பாம்பாக நில்லுங்கள். வெயிலில் கிடந்த மேல்மண்ணில் பென்சீன் ஆவியாகிப் போயிருக்கும். அதை அள்ளிச் சோதித்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை தர விடாதீர்கள். டேங்கின் அடியிலும், குழாய் இணைப்புகளின் கீழும், பம்புகளின் அடியிலும் தோண்டி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் அல்ல, கண்ணாடிக் குப்பியில், காற்றுக்கு இடமில்லாமல் அடைத்து, உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். இடம், ஆழம், நேரம் எழுதிய சீட்டில் நம் ஆளும் கையெழுத்துப் போட வேண்டும்.

யாரும் குழிக்குள் இறங்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கி நிற்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே மண் வெட்டும் தொழிலாளியும், நாள் முழுக்க அந்த வாடையிலேயே நிற்கும் பங்க் ஊழியரும் நம் தோழர்கள்தான். அவர்களிடம் ஒரு கடுஞ்சொல்லும் கூடாது. அவர்களுக்காகவும்தான் இந்தப் போராட்டம்.

இன்றிரவே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீரில் வாடை வருகிறவர்கள் ஒரு பாட்டில் பிடித்து எடுத்து வாருங்கள். மனு தயார். கையெழுத்துப் போட வாருங்கள், லாரியை மறிக்க வாருங்கள்!