விலை குறைந்த இ-கார்... சார்ஜ் ஏற மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?

திருச்சியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறார். ஒரு வாரமாக யூடியூபே கதி. “ஏம்மா, ஒரு காருக்கு 18 நிமிஷம்னு போட்டிருக்கான். இன்னொண்ணுக்கு 57 நிமிஷம். மூணாவதுக்கு 7 மணி நேரம். மூணும் கரன்ட்டுலதானே ஓடுது? காசு இல்லாதவனுக்குன்னு தனி கரன்ட்டா?”

சிரித்துவிட்டேன். ஆனால், கேள்வி சரியான கேள்வி.

அவர் சொன்ன 18 நிமிட கார், ஹூண்டாய் அயோனிக் 5. பேட்டரி 72.6 யூனிட். 350 கிலோவாட் சார்ஜரில் போட்டால் 10 சதவிகிதத்திலிருந்து 80 சதவிகிதம் ஏற அவ்வளவு நேரம்தான். 57 நிமிடம், டாடா டியாகோ இ.வி-யின் 24 யூனிட் மாடல். 7 மணி நேரம், 2023-ல் வந்த எம்.ஜி. காமெட். 17.3 யூனிட்தான். ஆனால் ஹைவே ஸ்டேஷன்களில் இருக்கும் டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரைச் செருக அதில் இடமே கிடையாது.

“சின்ன பேட்டரி, அதனால் மெதுவாக ஏறுகிறது” என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. சின்ன பேட்டரியால் பெரிய அளவு கரன்ட்டை வாங்க முடியாது, சரி. ஆனால் நிரப்ப வேண்டியதும் குறைவுதானே? டியாகோவின் பேட்டரி, அயோனிக்கில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஊற்றினாலே அதே 18 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். நிரம்புவதில்லை. அப்படியென்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

முதல் காரணம் பேட்டரிக்குள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போய் உட்கார வேண்டும். நம் டவுன் பஸ் மாதிரிதான். நிதானமாக ஏறினால் எல்லோருக்கும் சீட். முண்டியடித்தால் படிக்கட்டிலேயே கூட்டம் நின்றுவிடும். அதேபோல, அவசரமாக ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது, பேட்டரியின் கொள்ளளவு குறையும். 80 சதவிகிதத்துக்கு மேல் எந்த காரும் மெதுவாவதும் இதனால்தான். காலி சீட் குறைந்துவிடுகிறது.

வேகமாக ஏற்ற முடியாதா என்றால், முடியும். அதற்கேற்ற செல் வேண்டும், சூட்டை இழுக்கும் நல்ல கூலிங் வேண்டும், தடித்த கேபிள் வேண்டும். அயோனிக் போல 800 வோல்ட் அமைப்பு இருந்தால் அதே பவருக்குக் கரன்ட் குறைவாகப் போதும், சூடும் குறையும். எல்லாம் காசு. 8 லட்ச ரூபாய் காரில் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கணக்குப் பார்ப்பார்கள். டியாகோ பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி வேறு. பேட்டரி முன்னதாகப் படுத்தால் செலவு கம்பெனிக்கு. வேகத்தைக் குறைத்து வைப்பதில் அவர்கள் பாக்கெட்டுக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

இதுவரை எனக்கும் புகார் இல்லை. அடுத்ததில்தான் உறுத்துகிறது.

வீட்டு பிளக்கில் வருவது ஏ.சி. கரன்ட். அதை டி.சி-யாக மாற்றும் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. டியாகோ இ.வி. 2022-ல் வந்தபோது 3.3 கிலோவாட், 7.2 கிலோவாட் என இரண்டு வகை. விலை வித்தியாசம் 50,000 ரூபாய். பணம் தருகிறேன் என்றாலும் அடிப்படை மாடலில் 7.2 கிடைக்காது; மேல் மாடலுக்கு ஏறினால்தான். காமெட்டிலும் அதே கதை. 2024-ல் 7.4 கிலோவாட் சார்ஜிங் வந்து, 7 மணி நேரம் மூன்றரை மணி நேரமானது. அடிமட்ட மாடலுக்கு அது இல்லை. (அந்த மாடல்களுக்கு ‘எஃப்.சி.’, அதாவது ஃபாஸ்ட் சார்ஜ் என்று பெயர். ஹைவேயில் நிற்கும் டி.சி. சார்ஜருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.) இங்கே பேட்டரி தடுக்கவில்லை. அதே பேட்டரிதான் மேல் மாடலில் வேகமாக ஏற்றிக்கொள்கிறது. சன்ரூஃப், அலாய் வீல் மாதிரி சார்ஜிங்கையும் ஏணிப்படியாக்கி வைத்திருக்கிறார்கள். சன்ரூஃப் இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம்.

பெரியப்பாவிடம் ஒன்றுதான் சொன்னேன். ஷோரூமில் எத்தனை கிலோவாட் என்று கேட்காதீர்கள். 10-லிருந்து 80 ஏற எத்தனை நிமிடம், டி.சி. போர்ட் உண்டா, இந்த மாடலிலேயே உண்டா என்று கேளுங்கள். ஸ்டேஷனில் 60 கிலோவாட் சார்ஜர் நின்றாலும், கார் தன்னால் முடிந்ததைத்தான் வாங்கும்.

அவருக்குத் தினமும் 40 கிலோமீட்டர்கூட ஓட்டமில்லை. இரவு 10 மணிக்குச் செருகினால் காலை 6-க்குள் 3.3 கிலோவாட்டே கிட்டத்தட்ட 24 யூனிட்டையும் நிரப்பிவிடும். ஆனால் வருடத்தில் நான்கு தடவை சென்னைக்குப் பேத்தியைப் பார்க்க வருவார். அதனால் டி.சி. போர்ட் இல்லாததைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். 7.2-க்கான 50,000-ஐயும் மிச்சம் பிடித்துவிட்டார். “விழுப்புரத்துல ஒரு மணி நேரம் நின்னா என்ன, நிதானமா டிபன் சாப்பிடுறேன்” என்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பிளக் வைக்க எலெக்ட்ரீஷியன் வருகிறாராம். எர்த்திங்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.