‘வரை’ என்னும் ஒரு சொல்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த தெருக்களிற் செல்வோர் இணையச் சேவை விளம்பரங்கள் பலவற்றைக் காண்பர். “வினாடிக்கு 100 மெகாபிட்” என்பது பேரெழுத்தில் இருக்கும். “வரை” என்னும் சொல்லோ சிற்றெழுத்தில் ஒளிந்திருக்கும். மாலையில் அறையிலமர்ந்து பாடங்கேட்க முயலும் மாணவனுக்கு அவ்வேகம் கிட்டுவதில்லை. இஃது ஏன்? வணிகர் வஞ்சனையோ, இயற்கையின் செயலோ?

இயற்கைக்கும் இதிற் பங்குண்டு என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்டே. இது நம் கணக்குப் பிழை. இனி, வைஃபைப் பெட்டியின்மேற் பொறித்த எண், அலை செல்லும் வேகமேயன்றிப் பொருள் வந்து சேரும் வேகமன்று. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேசலாம். ஏனையவை காத்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் ‘பெற்றேன்’ என்னும் மறுமொழியும் செல்லவேண்டும். 1999ஆம் ஆண்டில் 11 மெகாபிட் என்று வகுக்கப்பட்ட முறை, நடைமுறையில் ஐந்தாறு மெகாபிட்டே தந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. தொழிலாளர் நெருங்கி வாழும் விடுதிகளில் அம்மூன்றையும் பலர் பங்கிடுகின்றனர். தகரக் கூரையும் இரும்புக் கதவும் அலையைத் திருப்பிவிடும். வேலைமுறை முடிந்து யாவரும் ஒருங்கே கைபேசியை எடுக்குங்கால், ஒரே கோபுரத்தின் வேகம் அத்தனை பேருக்கும் கூறாகின்றது.

ஆயினும், இவையனைத்தையும் விற்பவர் நன்கறிவர். அறிந்தும் பேரெண்ணையே அச்சிடுதல் முறையாகுமோ? அரிசி விற்பவன் “ஒரு கிலோ வரை” என்று கூறி முக்காற் கிலோ அளந்தால் நாம் பொறுப்போமா? எடையும் அளவும் பொய்யாகாவண்ணம் காக்க 2009ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இணையத்திற்கோ, 2023ஆம் ஆண்டில், ‘அகலக்கற்றை’ என்னும் பெயர்க்குக் குறைந்தது 2 மெகாபிட் வேண்டுமென வகுக்கப்பட்டது. நூற்றுக்கு விலைகொடுத்தவனுக்கு இரண்டென்னும் எல்லை என்ன ஆறுதல் தரும்?

“வீட்டுச் சுவருக்கு யாம் பொறுப்பாவோமோ?” என வணிகர் வினவலாம். தக்க வினாவே. சுவருக்குப் பொறுப்பு வேண்டா. வாயில்வரை வரும் வேகத்திற்குப் பொறுப்பேற்கட்டும். பிரிட்டனில் 2018ஆம் ஆண்டு முதல், நெருக்கடி வேளையிற் பாதி வாடிக்கையாளரேனும் பெறும் வேகத்தையே விளம்பரத்திற் கூறவேண்டும் என்பது விதி. அங்கே இயல்வது இங்கே இயலாததன்று.

நம் கடமையும் ஒன்றுண்டு. பெட்டியோடு கணினியைக் கம்பியால் இணைத்து முதலில் அளந்து பார்ப்போம். கம்பியில் நிறைந்தும் காற்றிற் குறைந்தும் வருமாயின், பெட்டியை இடம் மாற்றுவோம். கம்பியிலேயே குறையுமாயின், மாலைதோறும் அளந்து குறித்து, அக்குறிப்போடு முறையிடுவோம். வீட்டிலிருந்தே தேர்வெழுதும் ஏழை மாணவனுக்கு அறுந்துபோன ஒரு நாழிகை மீண்டு வாராது. ஆதலின், சிற்றெழுத்துச் சொல்லைப் பேரெழுத்திலும், நாடோறும் கிட்டும் எண்ணை அதனருகிலும் அச்சிடுக என்பதே யாம் வேண்டுவது.