பாட்டி என்ன வேலை பார்த்தாள்?

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு மூதாட்டி காலமானால் உறவும் ஊரும் கூடிவிடும்.

"புண்ணியவதி! புருஷனைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகளை ஆளாக்கினாள். பேரப் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தாள்" என்று பெண்கள் சொல்லிச் சொல்லி அழுவார்கள். காரியம் முடிந்ததும் சுவரில் படம் மாட்டுவார்கள். படத்துக்கு மாலை போடுவார்கள்.

"பாட்டி என்ன வேலை பார்த்தாள்?" என்று ஒரு பேரன் கேட்டால் என்ன பதில் வரும்?

"வேலையா? ஒன்றுமில்லை. வீட்டில்தான் இருந்தாள்!"

இந்தப் பதில் சரிதானா?

ஓயாத கை

கோழி கூவும் முன்பே எழுந்தவள் அவள். வாசல் தெளித்தாள். கோலம் போட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். கணவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். பிறகு அவளும் களை எடுக்கப் போனாள். திரும்பி வந்து மறுபடியும் அடுப்பை மூட்டினாள்.

மேற்கே கல்வராயன் மலையில் பாடு இன்னும் அதிகம். சாமையையும் தினையையும் இடித்துப் புடைக்க வேண்டும். விறகு சுமக்க வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டும்.

2024-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது. யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு அது. வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக நாள் ஒன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள். வீட்டு வேலை செய்யும் ஆணோ 88 நிமிடம்தான்!

பாட்டி 50 ஆண்டு இப்படி உழைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி நேர வேலை என்று கணக்குப் போட்டால் சுமார் 11,000 நாள் ஆகிறது. லீவே எடுக்காமல் 30 ஆண்டு வேலை பார்த்ததற்குச் சமம். சம்பளம்? ஒரு காசு இல்லை!

கோர்ட்டு சொன்னது

இதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் இருந்து குடும்பத்தைக் கவனித்தார். சொத்து யாருக்கு என்று பிறகு வழக்கு வந்தது. 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பு அளித்தார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது; ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

"அன்புக்குக் கூலி கேட்பதா?" என்று சிலர் கேட்கலாம். எந்தப் பாட்டியும் கூலி கேட்கவில்லை. அவள் கேட்காதது அவளுடைய பெருமை. அதற்காக நாம் அவள் உழைப்பை மறந்துவிடுவது நியாயம் ஆகாது.

வீட்டைத் தாங்கியவள்

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பல வீடுகளில் சம்பாதிக்கும் ஆணே போய்விட்டார். தாயையும் தந்தையையும் சேர்த்து இழந்த குழந்தைகளும் உண்டு. அரசு உதவிப் பணம் அறிவித்தது. பணம் நல்லதுதான். ஆனால் காலையில் எழுப்பி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்ப ஒரு ஆள் வேண்டாமா? பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அந்தப் பொறுப்பை ஏற்பவள் பெரும்பாலும் பாட்டிதான். தள்ளாத வயதில் மறுபடியும் தாயாகிறாள்!

உயிரோடு இருக்கும்போதே

பாட்டிக்கு மாலை போடுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மாலை வாடிவிடும். வாடாத மரியாதைகள் சில உண்டு.

பேரன், பேத்திகளே! பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாட்டியின் பெயர், பிறந்த ஊர், அவள் செய்த வேலைகள் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். மகன்களே! வீட்டுப் பத்திரத்தில் அம்மாவின் பெயரையும் சேருங்கள். கணவன்மார்களே! மனைவியின் இடுப்பில் இருக்கும் குடத்தை இன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் எந்தப் பேரனாவது "பாட்டி என்ன வேலை பார்த்தாள்?" என்று கேட்டால் தயங்க வேண்டாம். "இந்தக் குடும்பத்தையே அவள்தான் தாங்கினாள்!" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.