குடத்தைத் தூக்கிக் காட்டுங்கள்!

பங்குனி வெயில் கொளுத்துகிறது. மயிலாப்பூர் மாடவீதிகளில் அறுபத்துமூவர் வலம் வருகின்றனர். மக்கள் மணிக்கணக்கில் நிற்கின்றனர். தீபாவளி வந்தால் தியாகராயநகர் ரங்கநாதன் தெருவில் மூச்சு முட்டுகிறது, முகம் சுளிப்பாரில்லை. வாக்குச்சாவடி வாசலில் கால்மணி நேரம் நிற்பது மட்டும் கடுந்தவமாகிவிடுகிறது! 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் வாக்களித்தோர் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகம் 69 விழுக்காட்டைத் தாண்டிற்று. தென்சென்னையும் மத்திய சென்னையும் 54ஐ ஒட்டியே நின்றுவிட்டன.

அடையாற்றுப் படித்த பெருமக்கள் சிலர் இதற்கு மருந்து சொல்கின்றனர்: "கைப்பேசியில் பணம் அனுப்புகிறோமே, வாக்கையும் அனுப்பினால் என்ன?"

என்னவா? பணம் வழிதவறினால் கணக்கேடு காட்டிக்கொடுக்கும். யார் யாருக்கு அனுப்பினார் என்பது அதில் இருக்கிறது. வாக்கிலோ அது இருக்கவே கூடாது! பெயரை அழித்துவிட்ட கணக்கில் பிழை நேர்ந்தால், எதைக் காட்டி வழக்குரைப்பது? "கணினி தவறாது, நம்புங்கள்" என்பர். நம்பு என்றவரை ஏன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கருவறைக்குள் நடப்பதைக் கேட்காதே என்றவனை எதிர்த்துவிட்டு, கணினி அறைக்குள் நடப்பதைக் கேட்காமல் கும்பிடுவதா?

உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலம். வேதம் ஓதியோர்க்கும் நிலமுடையோர்க்குமே இடம் தந்த சபை அது. நம் பாட்டன்மாருக்கு அங்கே ஓலையில்லை. அதைப் பொற்காலம் என்று போற்ற நாம் ஆயத்தமில்லை. ஆயினும் அவர்கள்கூட, ஓலைக் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டினர். உள்ளிருப்பது அறியாத சிறுவனை எடுக்கச் செய்தனர். ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படித்தனர். ஒருவரையொருவர் அவர்கள் நம்பவில்லை. அதுதான் அந்த முறையின் அறிவு!

2009-இல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னதும் அதுவே: தனித் தொழிலறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடியவேண்டும். நம் நாட்டு வாக்கு இயந்திரத்தின் அருகிலும் ஏழு விநாடி ஒப்புகைச் சீட்டு தெரிவது, கேள்வி கேட்டவர்களால் வந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து தொலைதூர வாக்களிப்பை ஆராய்வதாகத் தேர்தல் ஆணையம் 2021-இல் தெரிவித்தது. அத்திட்டத்திலும் வாக்காளர் வீட்டிலிருந்தபடி அன்று, குறித்த இடத்துக்கு வந்தே வாக்களிக்கவேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போன தொழிலாளிக்கு அது வேண்டும், ஆராயட்டும். சாய்வு நாற்காலிக்காரருக்கு என்ன அவசரம்?

எஸ்தோனியாவைக் காட்டுவர். 2005 முதல் அங்கே இணைய வாக்கு உண்டு. 2023-இல் பாதிக்குமேற்பட்டோர் அவ்வழியே வாக்களித்தனர். மெய்தான். யாரேனும் மிரட்டினால் பிறகு மாற்றிப் போடவும் அங்கே வழியுண்டு. நல்ல ஏற்பாடு! ஆனால் கைப்பேசியும் கடவுச்சொல்லும் கணவன் சட்டைப்பையில் கிடக்கும் வீட்டில், எந்த நள்ளிரவில் அவள் மாற்றிப் போடுவாள்? 2017-இல் பணப் பட்டுவாடாவுக்காக இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலையே நிறுத்தவேண்டியிருந்த ஊர் இது. பணம் தந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

மந்தைவெளியில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்து அட்டை மறைப்புக்குப் பின்னே தன்னந்தனியாக நிற்கிறாள். எசமானி இல்லை, கணவன் இல்லை, வட்டிக்காரன் இல்லை. அந்தச் சில நொடிகளை வாங்கிக்கொண்டு, அவளுக்கு என்ன தரப்போகிறீர்கள்?