‘இட்’ நிற்கும் இடம்

நான் எழுதுவினைஞனாக உத்தியோகம் ஏற்ற முதல் ஆண்டிலே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி இவ்வாரப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

பழைய கணக்கேடுகளை ஒழுங்குபடுத்தும் வேலையொன்றை மேலதிகாரி என்னிடம் ஒப்படைத்தார். எனக்கு முன் இருவர் தொடங்கி இடைநடுவிலே கைவிட்ட வேலை அது. ‘நான் கைவிடமாட்டேன், இறுதிவரை நின்று முடிப்பேன்’ என்று அவருக்கு உறுதி கூற விரும்பினேன். ஆங்கிலத்திலே ஒரு துண்டு எழுதி அனுப்பினேன்: ‘ஐ வில் சீ த்ரூ இட்.’

சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது. அதிகாரியின் முகம் சிவந்திருந்தது. “இந்த வேலையிலே நீர் என்ன சூழ்ச்சியைக் கண்டீர்?” என்று கேட்டார். நான் ஒன்றும் விளங்காமல் நின்றேன். மறுநாள் அவ்வேலை வேறொருவர் கைக்குப் போயிற்று.

தலைமை எழுதுவினைஞர் தாம் என்னை ஒருபுறம் அழைத்து உண்மையை விளக்கினார். “தம்பி, ‘சீ த்ரூ இட்’ என்றால் வெளிவேடத்தை ஊடுருவி உள்ளே இருக்கும் வஞ்சனையைக் கண்டுகொள்வது. ஒன்றை இறுதிவரை நடத்தி முடிப்பது ‘சீ இட் த்ரூ’. நீர் எழுதியது, ‘உம்முடைய தந்திரத்தை நான் அறிவேன்’ என்று அவருக்குப் பட்டிருக்கிறது” என்றார்.

இரண்டிலும் அதே மூன்று சொற்கள். ‘இட்’ என்னும் சிறு சொல் இடம் மாறி நின்றது. நன்றி சொல்லப் போனவன் பழி சொன்னவன் ஆனேன்.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் என்ன? தமிழிலே ‘அவனுக்கு’, ‘அதனோடு’ என வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திலே அவ்வேலையைச் செய்யும் சொல் தனியாகப் பெயருக்கு முன்னே நிற்கும். ‘டு ஹிம்’, ‘வித் இட்’ என்பவற்றில் வரும் ‘டு’, ‘வித்’ ஆகிய இவற்றை முன்னிடைச்சொற்கள் என்கிறோம். ஆனால் ‘ஒன்’, ‘ஓஃப்’, ‘இன்’, ‘அப்’, ‘த்ரூ’ போன்ற சில சொற்களுக்கு இரண்டு உத்தியோகம் உண்டு. ஒருசமயம் அவை முன்னிடைச்சொல்லாகிப் பெயரைச் சாரும். வேறொரு சமயம் வினையடையாகி வினையைச் சாரும். ‘திருப்பிக் கொடு’ என்னும்போது ‘திருப்பி’ என்பது ‘கொடு’ என்னும் வினையைச் சார்ந்து நிற்கிறதன்றோ? வினையடையாக வரும் அச்சொற்களும் அத்தகையனவே.

எந்தச் சொல் எந்த உத்தியோகத்தில் இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுப்பது, ‘இட்’, ‘ஹிம்’, ‘ஹேர்’, ‘தெம்’, ‘மீ’ முதலிய பிரதிப்பெயர்கள் நிற்கும் இடமே. மாணவர்கள் பின்வரும் நான்கு விதிகளையும் மனத்திற் பதித்துக்கொள்வார்களாக.

முதலாவது: முன்னிடைச்சொல்லாயின் பிரதிப்பெயர் அதன் பின்னே வரும். ‘லுக் அட் ஹிம்’, அவனைப் பார். ‘வெயிட் ஃபோர் தெம்’, அவர்களுக்காகக் காத்திரு.

இரண்டாவது: வினையடையாயின் பிரதிப்பெயர் வினைக்கும் அதற்கும் இடையே புகும். ‘வேக் ஹிம் அப்’, அவனை எழுப்பு. ‘ஸ்விச் இட் ஓஃப்’, அதை அணை. பெயர்ச்சொல்லாயின் ‘ஸ்விச் ஓஃப் த லைட்’, ‘ஸ்விச் த லைட் ஓஃப்’ என இருவகையாலும் சொல்லலாம். நம் மாணவர் வழுக்கி விழுவது இங்கேதான். முதல் வாக்கியத்தைப் பாடமாக்கிவிட்டு, ‘த லைட்’ இருந்த இடத்தில் ‘இட்’டை வைத்து ‘ஸ்விச் ஓஃப் இட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. ‘இட்’ என்பது முன்னரே அறிந்த பொருளைச் சுட்டும் இலேசான சொல். ஆங்கில வாக்கியம் கனத்த சொல்லை இறுதிக்கு விட்டு, இலேசானதை இடையிலே வைத்துக்கொள்ள விரும்பும்.

காதையும் துணைக்கு அழைக்கலாம். ‘ஸ்விச் இட் ஓஃப்’ என்னும்போது அழுத்தம் ‘ஓஃப்’ மீது விழும். ‘லுக் அட் ஹிம்’ என்னும்போது ‘லுக்’ மீது விழும். ‘அட்’ மெல்லென நழுவிப் போகும். வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்கும்போது இதைக் கவனித்துப் பாருங்கள்.

மூன்றாவது: இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால், பிரதிப்பெயரின் பின் வினையடை முதலிலும் முன்னிடைச்சொல் அடுத்தும் வரும். ‘கிவ் இட் பாக் டு ஹிம்’, அதை அவனிடம் திருப்பிக் கொடு. ‘டோன்ட் டேக் இட் அவுட் ஒன் மீ’, வேறெதிலோ உண்டான கோபத்தை என்மீது காட்டாதே. எழுதும்போது இன்னும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘ஹாண்ட் இட் இன் டு ஹேர்’ என்பதற்கு ‘அதை அவரிடம் ஒப்படை’ என்பது பொருள். இங்கே ‘இன்’ வினையடை, ‘டு’ முன்னிடைச்சொல். ஆகவே பிரித்தே எழுதவேண்டும். சேர்த்து ‘இன்டு’ என எழுதினால் அது ‘உள்ளே’ எனப் பொருள்படும் ஒரே முன்னிடைச்சொல்லாகிவிடும். விடைத்தாளை ஆசிரியையின் கையிற் கொடுப்பதற்குப் பதிலாக அவருக்குள்ளேயே திணித்ததாக முடியும்!

நான்காவது: சில வினைகள் வினையடையையும் முன்னிடைச்சொல்லையும் ஒன்றாகக் கோத்துக்கொண்டு வரும். ‘புட் அப் வித் இட்’, அதைப் பொறுத்துக்கொள். ‘லுக் ஃபோர்வர்ட் டு இட்’, அதை ஆவலோடு எதிர்பார். இவற்றிலே முன்னிடைச்சொல்லே கடைசியில் நிற்பதால், பிரதிப்பெயரும் அதன் பின்னேதான் வரவேண்டும். இடையில் நுழைய அதற்கு வழியில்லை.

இவற்றைக் கண்டு மலைக்க வேண்டாம். 1755ஆம் ஆண்டில் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், வினைக்குப் பின் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை வேறுபடுத்தும் இவ்வழக்கமே பிறமொழியாளருக்குப் பெரும் இடர் விளைப்பது என்று அதன் முன்னுரையிலேயே கூறியிருக்கிறார். அது நமது அறிவின் குறையன்று; அம்மொழியின் இயல்பு.

இனி, வீட்டிலே செய்து பார்க்கப் பயிற்சி ஒன்று. ‘அதை என்னிடம் திருப்பிக் கொண்டு வா’, ‘அவளை எழுப்பு’, ‘எனக்காகக் காத்திரு’ ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதிய பின், எந்த விதியின்படி எழுதினீர்கள் என்பதைத் தம்பி தங்கையருக்கு விளக்குங்கள். விளக்க முடிந்தால் பாடம் உங்களுடையதாகிவிட்டது என்று கொள்ளலாம்.

என் கதையின் முடிவையும் சொல்லவேண்டுமல்லவா? அக்கணக்கேடுகளை ஏற்றவரும் சில வாரங்களில் அவற்றைக் கைவிட்டார். நான் மீண்டும் ஒரு துண்டு எழுதினேன். இம்முறை அனுப்புவதற்கு முன் தலைமை எழுதுவினைஞரிடம் காட்டினேன். அவர் ‘இட்’ நின்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். வேலை என்னிடம் வந்தது; முடிக்க எட்டு மாதம் ஆயிற்று.